மஞ்சள் சிவக்காத சுவர்

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, தெரிந்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் பெயின்ட் தோல் ஒன்று, பொரித்த அப்பளம் போலச் சுருண்டு கிடந்தது.

“எட்டு மாசந்தான் அண்ணே ஆச்சு. நல்ல பெயின்டாத்தான் வாங்குனேன். ரெண்டு கோட் அடிச்சேன். இப்ப கைய வச்சாலே உரிஞ்சு வருது. கடையில ஏமாத்திட்டாங்களா?”

“மொதல்ல ஒரு பிளேன்டி குடிங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அந்தத் தோலைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் இளம்பச்சை நிறம் மங்காமல் இருந்தது. பின்பக்கத்தில் மாவு போல வெள்ளைப் பொடியும் சீமெந்துத் துகளும் ஒட்டியிருந்தன. பெயின்ட் கெட்டிருந்தால் முன்பக்கம் காட்டிக்கொடுத்திருக்கும். இங்கே பின்பக்கம்தான் பேசியது.

“செவுரு எப்ப பூசுனீங்க?”

“கார்த்திகையில.”

“பெயின்ட் அடிச்சது?”

“மார்கழி பொறந்ததும். தையில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. வேற வழியில்ல.”

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வத்தேகமவைச் சுற்றிப் பல வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. இதே தவறு பல சுவர்களில் நடக்கிறது.

நம்மவர்களுக்குச் சுவர் என்பது சின்ன விஷயமல்ல. பன்வில, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களில் நம் பெற்றோர் பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறைகளில் வாழ்ந்தார்கள். அந்தச் சுவருக்கு எப்போது சுண்ணாம்பு அடிப்பது என்பதைத் தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. இன்று நிலைமை மெல்ல மாறுகிறது. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்ற அளவில் இந்திய வீடமைப்புத் திட்டம் மலையகத்தில் 4,000 வீடுகளுடன் தொடங்கியது. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவை தவிர, கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்து அனுப்பிய காசில் தாமாகவே கட்டுகிறவர்கள் ஏராளம். ஒரு குடும்பம் தன் சொந்தச் சுவருக்குத் தானே நிறம் தெரிந்தெடுப்பது மூன்று நான்கு தலைமுறைக்குப் பிறகு கிடைத்த உரிமை. அந்த நிறம் ஒரு வருடத்துக்குள் உரிவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

இதில் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் முன்னோர் பூசிய சுவருக்கு உடனே வெள்ளையடித்தார்கள். அது சரியாகவே நின்றது. நாமோ அவர்களுடைய வேகத்தை வைத்துக்கொண்டு, அவர்களுடைய சுண்ணாம்பை விட்டுவிட்டோம். குற்றம் அங்கேதான்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால், அதிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மாத்தளைப் பக்கத்துச் சூளைகளில் சுட்டது இப்படித்தான். அதைத் தண்ணீரில் நீற்றிச் சுவரில் அடித்தால், வெளியே போன அதே வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இந்த மாற்றம் நடக்க ஈரம் வேண்டும். அதனால்தான் வெள்ளையடிக்குமுன் பழைய சுவரைக்கூட நனைத்தார்கள். அடித்த பிறகும் அந்தப் பூச்சில் நுண்ணிய துளைகள் இருக்கும். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி அவற்றின் வழியே போய்விடும். ஆக, சுண்ணாம்புக்கு ஈரச் சுவர் பகையல்ல, உறவு.

இன்று நாம் அடிக்கும் எமல்ஷன் பெயின்டின் குணம் வேறு. அதில் நிறப்பொடியைச் சேர்த்துப் பிடிப்பது அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் வகைப் பிசின். தண்ணீர் ஆவியானதும் அந்தப் பிசின் சுவரின் மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. சுண்ணாம்பு விடுகிற அளவுக்கு இந்தத் தோல் ஆவியை விடாது. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அது வெளியே வர வழி தேடும். வெயில் படும் பக்கம் கொப்புளமாக எழும்பும். மற்ற இடத்தில் உப்பைக் கொண்டுவந்து தோலுக்கு அடியில் படியவைக்கும். தம்பி கொண்டுவந்த தோலின் பின்பக்கத்து வெள்ளைப் பொடி அந்த உப்புதான்.

சுவரையும் பூச்சையும் அறிந்து வேலை செய்வது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டு பழைமையான அந்த நிறங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்குச் சொன்னார். நமக்குப் பக்கத்தில், குண்டசாலைப் பக்கம் தெகல்தொருவ குகை விகாரை இருக்கிறது. கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் (ஆட்சி 1747–1782) தொடக்கிவைத்தது. அங்கே ஓவியர்கள் எடுத்துக்கொண்டது மறுவழி: வெள்ளைக் களிமண் பூசி, அது உலர்ந்த பிறகு அதன் மேல் நிறம் தீட்டினார்கள். கண்டிய ஓவியர்களின் பொருள்களையும் முறைகளையும் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில் பதிந்து வைத்திருக்கிறார். ஒருவர் ஈரத்தில் தீட்டினார், மற்றவர் உலர்ந்ததில் தீட்டினார். தன் நிறம் எந்தச் சுவரைக் கேட்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. நம் எமல்ஷன் கேட்பது உலர்ந்த சுவரை.

“ஆனா அண்ணே, செவுரு காஞ்சுதான் இருந்துச்சு. நான் தொட்டுப் பாத்தேனே” என்றார் தம்பி.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். புதிதாகப் பூசிய சுவரில் இரண்டு விஷயங்கள் அடங்க வேண்டும். ஒன்று ஈரம். மற்றது காரம். கைக்கு இரண்டுமே தெரியாது.

ஈரத்தை முதலில் பார்ப்போம். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீருடன் சேர்ந்து, அந்தத் தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டு இறுகுகிறது. பூசி முடித்த மறுநாளிலிருந்து ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கச் சொல்வது இதனால்தான். அதை விட்டுவிட்டால் பூச்சு பலமில்லாமல், விரலால் சுரண்டினால் மணல் கொட்டும் நிலைக்கு வரும். அப்படிக் கொட்டும் சுவரில் எந்தப் பெயின்டும் நிற்காது. முதல் வாரம் நனைக்க வேண்டும். அடுத்த வாரங்களில் உலரவிட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் உண்டு.

உலர எத்தனை நாள்? நல்ல காற்றும் வெயிலும் உள்ள காலத்தில் பூச்சின் ஐந்து மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு வாரம் என்பது பொதுவான கணக்கு. நம் மேசன்மார் பூசுவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று வாரம் ஆகும். பூச்சுக்குப் பின்னால் இருக்கும் புளொக் கல்லும் தண்ணீர் குடித்திருக்கிறது. அதனால் 28 நாள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

அந்த 28 நாளை வத்தேகமவில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் மதியத்துக்குப் பிறகு மழை, காலையில் பனிமூட்டம். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் தொங்கியும் ஈரமாகவே இருக்கும் காலம் அது. துணிக்கே அந்த நிலை என்றால் சுவருக்கு? அந்த மாதங்களில் பூசிய சுவருக்கு ஆறு முதல் எட்டு வாரம் கொடுங்கள். நமக்கு மிக நல்ல காலம் தை பிற்பாதியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. பூச்சு வேலையை மழைக்கு முன் முடித்து, பெயின்டை மாசியில் அடிப்பது போலத் திட்டமிட்டால் வானமே உதவி செய்யும்.

சீக்கிரம் உலரட்டும் என்று அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். திடீர்ச் சூட்டில் மேற்பரப்பு மட்டும் சுருங்கி வெடிக்கும்; கரிப்புகை ஆளுக்கும் ஆபத்து. யன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீர் அடிக்கும் வாரம் முடிந்த பிறகு மின்விசிறி போடலாம். அது போதும்.

இனிக் காரம். சீமெந்து இறுகும்போது சுண்ணாம்பையும் வெளிவிடுகிறது. புதுப்பூச்சின் பி.எச். அளவு 12க்கு மேல் நிற்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோவது நமக்குத் தெரியும். அதே காரம் பெயின்டையும் தின்னும். சில நிறங்கள் திட்டுத் திட்டாக வெளுத்துப்போவது இதனால்தான். எனாமல் பெயின்டுக்கு இன்னும் மோசம். அதிலே இருப்பது எண்ணெய் சார்ந்த பிசின். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம் ஆகும். சவர்க்காரம் காய்ச்சும் முறையே அதுதான். கழுவ வசதியாக இருக்கும் என்று குசினிச் சுவரின் கீழ்ப்பாதிக்கு எனாமல் அடிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பச்சைப் பூச்சின் மேல் அதை அடித்தால், பெயின்ட் பிசுபிசுவென்று மெதுவாகச் சவர்க்காரமாகிக் கழன்றுவிடும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மேற்பரப்பின் காரத்தை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அடக்கும். அதற்கும் நாள் வேண்டும்.

“அப்ப எப்பிடித்தான் கண்டுபுடிக்கிறது?”

இரண்டு சோதனை இருக்கிறது. வீட்டிலுள்ள சாமானே போதும்.

ஈரத்துக்கு: ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பொலித்தீன் தாள் ஒன்றை வெட்டுங்கள். சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டினால் மறுநாள் மதியம் பாருங்கள். குறைந்தது பதினாறு மணி நேரம் போக வேண்டும். தாளின் உள்பக்கத்தில் நீர்த்துளி பூத்திருந்தாலோ, அந்த இடத்துச் சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. வெளிப்பக்கத்தில் மட்டும் துளி இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஒரே இடத்தில் செய்து திருப்திப்படாதீர்கள். மூலையிலும், தரையிலிருந்து ஓரடி உயரத்திலும், மண்மேட்டைப் பார்த்த சுவரிலும் கட்டாயம் செய்யுங்கள். கடைசியாக உலர்வது அந்த இடங்கள்தான்.

காரத்துக்கு: மஞ்சள். பால் காய்ச்சும் நாளில் வாசலில் ஆலத்தி எடுக்கிறோம். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகிறது அல்லவா? சுண்ணாம்பின் காரத்தை மஞ்சள் சிவந்து காட்டுகிறது. அதையே சுவரிலும் செய்யலாம். கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், சுவரைச் சுத்தமான தண்ணீரால் லேசாக நனையுங்கள். மஞ்சள் தண்ணீரில் தோய்த்த வெள்ளைத் துணித்துண்டை அங்கே ஒரு நிமிடம் ஒற்றுங்கள். துணி குங்குமம் போலச் சிவந்தால் சுவரின் காரம் இன்னும் கடுமையாக இருக்கிறது, பொறுங்கள். மஞ்சளாகவே இருந்தாலோ, மெல்லிய செம்மஞ்சள் தட்டினாலோ பிரைமர் அடிக்கலாம். முடிந்ததும் அந்த இடத்தைச் சேண்ட் பேப்பரால் தேய்த்துவிடுங்கள்.

சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பலரும் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். செய்யாதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், பிறகு மறுபடி வெளியே வரும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். திரும்பப் பூக்காதவரைக்கும் பெயின்ட் டின்னைத் திறக்க வேண்டாம்.

சில சுவர்கள் மாதக்கணக்கில் விட்டாலும் உலராது. அங்கே பூச்சின் ஈரம் அல்ல, வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம். நம் பகுதியில் வீடுகள் மலைச்சரிவை வெட்டிக் கட்டப்படுகின்றன. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே மூன்றடிகூட இருக்காது. மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கிச் சுவரடியில் தங்கும். அங்கே ஒரு கான் வெட்டித் தண்ணீரை வழிவிட வேண்டும். கூரையின் பீலி ஒழுகுகிறதா, அதன் தண்ணீர் சுவரில் அடிக்கிறதா என்று ஒரு மழை நாளில் குடை பிடித்து நின்று பாருங்கள். அத்திவாரத்துக்கு மேலே சீமெந்துக் கலவையும் தாரும் கொண்டு ஈரத்தடைப் படை போடாத வீடுகளில் நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை கோடு போட்டது போலக் கறை தெரியும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அந்தப் படையை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் எவ்வளவு விலைகூடிய பெயின்ட் அடித்தாலும் காசுதான் கரையும்.

சுவர் தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டு போங்கள். ‘டொக் டொக்’ என்று வெறுமையாகச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு கல்லைப் பிடிக்கவில்லை. அதை வெட்டி எடுத்துத் திரும்பப் பூசி, அந்த இடத்துக்கு மறுபடி நாள் கொடுக்க வேண்டும். மயிரிழை வெடிப்புகள் பூச்சு சுருங்கியதால் வருபவை. அவற்றை லேசாகக் கீறி அகலமாக்கி, தூசு தட்டி, ஃபில்லர் வைத்து அடைக்கலாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் அகலமான வெடிப்பு வேறு. அதை அடைக்குமுன் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

வழுவழுப்பான சுவர் வேண்டுமென்றால் ஸ்கிம் கோட் போடுவார்கள். அதுவும் பெரும்பாலும் சீமெந்து கலந்ததே. மெல்லிதாக இரண்டு முறை இழுப்பது நல்லது. தடிப்பாக ஒரே முறை இழுத்தால் வெடிக்கும். அதற்கும் உலர நாள் வேண்டும். உட்சுவருக்கான புட்டியை வெளிச்சுவரில் பூசக் கூடாது. முதல் பருவ மழையிலேயே ஊறிக் கழன்றுவிடும். சேண்ட் பேப்பர் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கண்ணில் சீமெந்துத் தூளோ சுண்ணாம்போ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்தியரிடம் போக வேண்டும். தேய்த்த தூசியை முழுக்க எடுத்துவிடுங்கள். தூசியின் மேல் அடித்த பெயின்ட் தூசியைத்தான் பிடிக்கும்.

பிறகு பிரைமர். பலர் மிச்சம் பிடிக்க நினைப்பது இதில்தான். புதுச் சீமெந்துச் சுவருக்குக் காரம் தாங்கும் வோல் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். அது சுவரின் காரத்துக்கும் மேலே வரும் நிறத்துக்கும் இடையே நிற்கும். சுவர் ஒரே சீராகப் பெயின்டைக் குடிக்கவும் செய்யும். மிச்சமிருக்கும் கொஞ்சக் காரத்தை அது தாங்கும். தண்ணீரை அதனால் தாங்க முடியாது. பிரைமர் அடித்தால் ஈரச் சுவருக்கும் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தொலைபேசியில் வரும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரித்தானியாவில் உட்சுவருக்குப் பெரும்பாலும் ஜிப்சம் பூசுகிறார்கள். இளஞ்சிவப்பான அந்தப் பூச்சில் சீமெந்தின் கடும் காரம் இல்லை. அதனால் அங்கே எமல்ஷனில் நிறையத் தண்ணீர் கலந்து அதையே முதல் கோட்டாக அடிக்கிறார்கள். நம் சீமெந்துச் சுவருக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தாது.

அளவுக்கு ஒரு கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒன்பதடி உயரம். நாலு சுவரும் 396 சதுர அடி. கதவு, யன்னல் கழித்தால் ஏறக்குறைய 350. தேய்த்துச் சீராக்கிய சுவரில் ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி அளவு போகும். இரண்டு கோட்டுக்கு ஏழு லீற்றர். நாலு லீற்றர் டின் இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கி, பெரிய வாளி ஒன்றில் சேர்த்துக் கலக்கிக்கொண்டு அடியுங்கள். டின்னுக்கு டின் நிறம் நூலளவு மாறினாலும் சுவர் நடுவே தெரியும்.

மேலிருந்து கீழே வாருங்கள். மூலைகளையும் ஓரங்களையும் பிரஷ்ஷால் முதலில் அடித்து, அது காயுமுன் ரோலரை ஓட்டுங்கள். ஒரு சுவரைத் தொடங்கினால் அதை முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு உட்கார வேண்டும். பாதியில் விட்ட இடம் பிறகு கோடாக நிற்கும். டின்னில் நாலு மணி நேர இடைவெளி என்று போட்டிருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் அதை மறுநாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவருக்குப் பனி விலகிய பிறகு தொடங்கி, மதிய மழைக்கு மூன்று நாலு மணி நேரம் முன்பே கை கழுவிவிடுங்கள். டின்னில் சொன்னதற்கு மேல் தண்ணீர் கலக்காதீர்கள்.

தம்பியின் இரண்டாவது பிளேன்டியும் முடிந்திருந்தது. “அப்ப என் செவுருக்கு என்ன செய்ய?” என்றார்.

உரிகிற எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். பிடிப்பாக இருப்பதை விடுங்கள். பின்னால் மண்மேட்டுப் பக்கம் கான் வெட்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பொலித்தீனும் மஞ்சளும் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் சுவர் தேறினால் பிரைமர் அடித்து முடியுங்கள். தேறாவிட்டால் மாசி வரைக்கும் அப்படியே இருக்கட்டும். சாம்பல் நிறச் சுவரோடு ஐந்தாறு மாதம் வாழ்வது அவமானமல்ல. மூன்று தலைமுறையாக லயத்துச் சுவரோடு வாழ்ந்தோம். இது நம் சொந்தச் சுவர்.

வீடு கட்டுகிற எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பால் காய்ச்சும் நாளை நீங்கள் குறியுங்கள். உறவுகளைக் கூப்பிடுங்கள், ஆலத்தி எடுங்கள், வெறும் சுவரோடேயே குடிபுகுங்கள். பெயின்ட் அடிக்கும் நாளை மட்டும் சுவரிடம் கேளுங்கள். மஞ்சள் துணி சிவக்காத அன்று டின்னைத் திறக்கலாம்.